மூன்று வாரம் தாண்டிய மூட்டுவலி: உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



பள்ளிப் பிள்ளையின் முழங்காலைப் பெற்றோரைக் காட்டிலும் மருத்துவரைக் காட்டிலும் அதிகமாகப் பார்ப்பவர்கள் நீங்கள்தாம். வீட்டில் அந்தக் கால் பெரும்பாலும் மடங்கியோ நீண்டோ ஓய்வில் இருக்கிறது. மருத்துவமனையில் சில நிமிடங்கள் மேசைமேல் கிடக்கிறது. ஓடுவதும் தாவுவதும் குந்தி எழுவதும் உங்கள் கண்முன்னே நடக்கின்றன. அதனால்தான் பதின்வயதினரின் மூட்டை ஒட்டித் தோன்றும் ஓர் எலும்புக் கட்டியைப் பற்றிய இந்த மடல் மருத்துவர்களுக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுகிறது. அந்தக் கட்டி புற்றுநோய் அன்று. உரிய காலத்தில் கண்டால் பெரும்பாலோருக்கு ஒரே அறுவை சிகிச்சையில் தீர்ந்துவிடக் கூடியது. ஆயினும் அது கண்டறியப்படும்போது பல பிள்ளைகளுக்கு வலி தொடங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன, சிலருக்கு ஓராண்டே கடந்திருக்கிறது. அந்த மாதங்களில் நிகழும் தாமதத்தில் ஒரு பங்கு மைதானத்தைச் சேர்ந்தது என்பதை மனக்கசப்பின்றிச் சொல்லவும், அதைக் குறைக்க உங்களால் மட்டுமே ஆகக்கூடிய சிலவற்றைக் கேட்டுப் பெறவும் இந்த மடல் முயல்கிறது.

குருத்தெலும்பை உண்டாக்க வேண்டிய முதிராத செல்கள் ஓரிடத்தில் அளவின்றிப் பெருகுவதால் உருவாகும் இக்கட்டிக்குக் கான்ட்ரோபிளாஸ்டோமா என்று பெயர். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்பு ஒவ்வொன்றிலும், முனைக்குச் சற்று உள்ளே, குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று குறுக்காக அமைந்திருக்கிறது. எலும்பு நீள்வது அந்த அடுக்கில்தான் என்பதால் அதை வளர்தட்டு என்கிறார்கள். மற்ற எலும்புக் கட்டிகளில் பெரும்பாலானவை வளர்தட்டுக்கு இப்பால், எலும்பின் தண்டுப் பக்கத்தில் தோன்ற, இதுவோ வளர்தட்டுக்கு அப்பால், மூட்டின் வழுவழுப்பான பரப்பைத் தாங்கி நிற்கும் முனைப்பகுதியில் குடிகொள்கிறது. தொடை எலும்பின் கீழ்முனை, கீழ்க்கால் எலும்பின் மேல்முனை, மேற்கை எலும்பின் தோள்முனை, இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் மேற்பகுதி ஆகியவையே அது விரும்பும் இடங்கள். கணுக்காலிலும் குதிகால் எலும்பிலும்கூட அது காணப்படுகிறது. பத்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்களையே இது பெரிதும் பிடிக்கிறது. பெண்பிள்ளைகளைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஆண்பிள்ளைகள் இதற்கு ஆளாகிறார்கள். அதாவது, உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும் வயதினரே இதற்கு இலக்காகிறவர்கள்.

எலும்பில் தொடங்கும் கட்டிகளில் நூற்றில் ஒன்று என்ற அளவிலேயே காணப்படும் அரியதொரு நோய்க்காக இத்தனை பேருக்கு மடல் எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. பணிக்காலம் முழுவதும் இப்படியொரு பிள்ளையைச் சந்திக்காமலே உங்களில் பெரும்பாலோர் ஓய்வு பெறுவீர்கள். ஆனால் உங்களிடம் கேட்கப்படுவது இந்தக் கட்டியை அடையாளம் காண்பது அன்று; ஒரே மூட்டில் விடாமல் நிற்கும் வலியை ஓர் எக்ஸ்ரே வரை கொண்டு சேர்ப்பது மட்டுமே. அதே வயதில், அதே முழங்காலில், ஏறத்தாழ அதே முறையீட்டோடு தொடங்கும் ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயும் உண்டு. அதில் இழக்கும் ஒவ்வொரு வாரமும் காலையோ உயிரையோ பணயம் வைக்கிறது. மூட்டுக் காசநோயும் ஒற்றை மூட்டின் வீக்கமாகவே தொடங்குகிறது. அந்த ஓர் எக்ஸ்ரே இவை அனைத்துக்கும் வாசலாக அமைவதால், அரிய நோய்க்காகக் கேட்கப்படும் உதவி அதைவிடக் கொடிய நோய்களுக்கும் பயன்படுகிறது.

மைதானத்தில் வலிக்குக் கிடைக்கும் பெயர்களை நீங்கள் அறிவீர்கள்: சுளுக்கு, தசைப்பிடிப்பு, வளர்கிற வயதின் வலி, கீழே விழுந்த அடி, கடைசியாகச் சாக்கு. இவற்றில் முதல் நான்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். பதின்வயதுப் பிள்ளைகள் வாரம் ஒருமுறையாவது எங்கேனும் விழுகிறார்கள்; ஆகவே எந்த வலிக்கும் பின்னோக்கித் தேடினால் ஒரு வீழ்ச்சி கிடைத்துவிடும். விழுந்தது உண்மையாக இருக்கலாம், வலி அதனால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். அடியால் வந்த வலி நாளுக்கு நாள் தணிய வேண்டும், தணியாமல் மூன்றாவது வாரத்திலும் அதே இடத்தில் நின்றால் அந்தக் கதையைக் கைவிட்டுவிட வேண்டும். ஐந்தாவது பெயரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு முதல் வரிசையில் நின்று ஓடிய பிள்ளை திடீரென்று ஓரமாக நிற்கத் தொடங்கினால், சோம்பலை நினைப்பதற்குமுன் மூட்டை நினைக்க வேண்டும்; வலிக்கிறது என்று சொல்லித் திட்டு வாங்கிய பிள்ளை இரண்டாம் முறை சொல்வதில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது, மண்டலப் போட்டிக்கான அணியில் இடம் போய்விடும் என்ற அச்சத்தில் வீட்டிலும் மறைக்கிறது.

வளர்கிற வயதின் வலி என்று சொல்லப்படுவதற்குத் தெளிவான நடத்தை உண்டு. அது பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோரிடம், இரு கால்களிலும், மூட்டில் அல்லாமல் தொடையிலோ ஆடுசதையிலோ, மாலையிலும் இரவிலும் வந்து காலையில் சுவடின்றிப் போய்விடுவது. பகலில் அந்தப் பிள்ளை நொண்டுவதில்லை. தாவும் ஆட்டங்களில் ஈடுபடும் பதின்வயதினருக்கு முழங்காற்சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் முன்மேட்டில் வீங்கி வலிக்கும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற நிலையையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஆடும்போது கூடி, ஓய்வில் குறைகிறது, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் நிற்கிறது. கான்ட்ரோபிளாஸ்டோமா இவ்விரண்டையும் ஒத்ததன்று. ஒரே பக்கம், ஒரே மூட்டு, வாரக்கணக்கில் விடாத வலி, ஓய்விலும் முற்றாக அடங்காத தன்மை, சிலருக்கு இரவில் விழிக்கச் செய்யும் உளைச்சல், மூட்டுக்குள் நீர் கோத்து வரும் வீக்கம், முழுதாக மடக்கவோ நீட்டவோ முடியாத விறைப்பு ஆகியவை அதன் போக்கு. இன்னொன்றும் உங்கள் நினைவில் இருக்கட்டும்: இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்கால் வலியாக உணரப்படுவது உண்டு என்பதால், முழங்காலைப் பார்த்துக் குறையொன்றும் இல்லை என்று அனுப்பப்பட்ட பிள்ளை மறுபடியும் நொண்டினால், இடுப்பையும் பார்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

உங்கள் கண்ணுக்கும் ஓர் அளவுநாடாவுக்கும் எட்டக்கூடிய சான்று ஒன்றும் இருக்கிறது. வலிக்கும் மூட்டைச் சுற்றிய தசை, பயன்படாமையால் சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குகிறது. பிள்ளையை இரு கால்களையும் நீட்டி உட்காரச் சொல்லி, முழங்காற்சில்லின் மேல்விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் மேலே இரு தொடைகளிலும் பேனாவால் குறியிட்டு, அந்தக் குறியில் நாடாவைச் சுற்றி அளந்து பாருங்கள். வலிக்கும் பக்கம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அதைச் சாக்கு என்று யாரும் சொல்ல முடியாது. தோளில் கட்டி இருந்தால் சட்டையைக் கழற்றிப் பின்னாலிருந்து பார்க்கும்போது தோளின் உருண்ட வளைவு ஒரு பக்கம் தட்டையாகத் தெரியும். குண்டு எறிபவரோ வாலிபால் ஆடுபவரோ கையைத் தலைக்குமேல் உயர்த்தும்போது தோள்பட்டை முழுவதையும் சேர்த்துத் தூக்குவார். குந்தச் சொன்னால் ஒரு குதிகால் தரையில் படாமல் நிற்பதும், ஓடி நிறுத்தும்போது எப்போதும் அதே காலைக் காப்பாற்றிக்கொள்வதும் உங்கள் பயிற்சி பெற்ற கண்ணுக்குத் தப்பாதவை. இவை நோயறிதல் ஆகமாட்டா. மருத்துவரிடம் எடுத்துச் செல்லத் தகுந்த செய்திகள் ஆகும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதையும் இறுக்கிக் கட்டுப்போடுவதையும் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் தனியாக உண்டு. நல்லெண்ணத்தோடும் அனுபவத்தோடும் செய்யப்படும் நீவுதல் பல சுளுக்குகளுக்கு இதம் தந்திருக்கலாம், அதைப் பழிப்பது இங்கு நோக்கமன்று. ஆனால் என்னவென்று தெரியாத வீக்கத்தை நீவுவது வேறு. உள்ளே இருப்பது கான்ட்ரோபிளாஸ்டோமாவாக இருந்தால் அரிக்கப்பட்டு மெலிந்த எலும்பு முனையின்மேல் விரல்களின் அழுத்தம் விழுகிறது. புற்றுநோயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. வலி நிவாரண ஸ்பிரேயை அடித்து மீண்டும் களத்தில் இறக்குவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அது வலியை மரக்கச் செய்து, எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிடுகிறது. எக்ஸ்ரே எடுத்த பிறகு, மருத்துவர் சம்மதித்தால், நீவுதலுக்கு நேரம் எப்போதும் இருக்கிறது.

புற்றுநோய் அல்லாத கட்டிக்கு ஏன் இத்தனை அவசரம் என்ற ஐயம் எழக்கூடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வகைப்பாடு இதைத் தீங்கற்ற கட்டிகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறது என்பது உண்மை. உயிருக்கு இதனால் வரும் ஆபத்து மிகமிகக் குறைவு, நூற்றில் ஓரிருவருக்கும் குறைவானவர்களிடமே இதன் துணுக்குகள் நுரையீரலுக்குச் சென்று தங்கியிருக்கின்றன, அவையும் பெரும்பாலும் அடங்கியே கிடக்கின்றன. தீங்கு, கட்டி அமர்ந்திருக்கும் இடத்திலிருந்து வருகிறது. ஒரு பக்கம் மூட்டின் பரப்பு, மறுபக்கம் வளர்தட்டு; இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய எலும்பை அது அரித்துக்கொண்டே போகிறது. மூட்டுப் பக்கம் போதிய அளவு அரித்துவிட்டால் ஒருநாள் தாவி இறங்கும் அதிர்ச்சியில் அந்தப் பரப்பு உள்வாங்கிச் சரிந்துவிடும். சரிந்த மூட்டுப் பரப்பைப் பழையபடி ஆக்குவது எந்த மருத்துவராலும் எளிதில் ஆகாது, இருபது வயதிலேயே அந்த மூட்டு தேய்ந்த மூட்டாகிவிடும். வளர்தட்டுப் பக்கம் துளைத்துவிட்டால், இன்னும் வளர வேண்டிய பிள்ளைக்கு அந்தக் கால் குட்டையாகவோ கோணலாகவோ போகக்கூடும். கட்டி இரண்டு சென்டிமீட்டராக இருக்கும்போது செய்யும் அறுவைக்கும் ஐந்து சென்டிமீட்டராக வளர்ந்த பின் செய்யும் அறுவைக்கும் உள்ள வேறுபாடு, அந்தப் பிள்ளை பிறகு கபடி ஆடுமா, ஊன்றுகோலோடு நடக்குமா என்ற வேறுபாடாகவே முடியலாம்.

சிகிச்சை என்னவென்று நீங்கள் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் காலை எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சி ஓடும் குடும்பங்களிடம் முதலில் பேசப்போகிறவர்களும் நீங்களாகவே இருக்கக்கூடும். எக்ஸ்ரேயில் எலும்பு முனையில் வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒரு கருநிறப் பகுதியும் அதன் ஓரத்தில் மெல்லிய வெண்கோடும், சிலரிடம் உள்ளே சுண்ணாம்புப் பொடி தூவினாற்போன்ற புள்ளிகளும் தெரிகின்றன. சிறிய கட்டிகள் முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது உண்டு என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்ற சொல்லோடு வலி தொடருமானால் எம்.ஆர்.ஐ. தேவைப்படுகிறது, அதில் கட்டியைச் சுற்றி எலும்பெங்கும் நீர்க்கோப்பு பரவித் தெரிவதால் கிருமித்தொற்று என்றோ காசநோய் என்றோ மயங்குவதற்கும் இடமுண்டு. இறுதித் தீர்ப்பைத் தருவது ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைதான். அங்கு செல்களுக்கு இடையே சுண்ணாம்பு படிந்து கோழிக்கூட்டுக் கம்பிவலைபோல் தோன்றும் அமைப்பு இக்கட்டிக்கே உரிய முத்திரையாக நெடுங்காலம் கருதப்பட்டுவந்தது; இக்கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் ஹிஸ்டோன் என்ற புரதத்துக்கான மரபணு ஒன்றில் ஒரே மாற்றம் இருப்பது 2013இல் வெளிப்பட்டபின், ஐயத்துக்குரிய இடங்களில் அந்த மாற்றத்தைச் சாயமேற்றிக் காட்டியும் உறுதி செய்கிறார்கள். வீட்டுப் பழக்கத்தாலோ உணவாலோ விளையாட்டாலோ வந்த நோய் அன்று இது என்று தாய்மார்களிடம் நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

அறுவையில் எலும்பின் பக்கவாட்டில் ஒரு சிறு சாளரம் திறந்து, கரண்டி போன்ற கருவியால் கட்டியைச் சுரண்டி எடுத்து, பிறகு அதிவேகமாகச் சுழலும் துருவியால் குழியின் சுவரையும் மெல்லச் சீவுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத செல்கள் மிஞ்சினால் கட்டி திரும்பும் என்பதால் சிலர் பீனால் போன்ற மருந்தை அந்தச் சுவரில் தடவுகிறார்கள். வெற்றுக்குழி இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகள்களாலோ, எலும்புக்கு மாற்றான பொருளாலோ, சில நேரங்களில் எலும்பு சிமென்ட்டாலோ நிரப்பப்படுகிறது. மிகச் சிறிய கட்டிகளுக்கு, ஸ்கேன் வழிகாட்ட ஓர் ஊசியைச் செலுத்தி ரேடியோ அலை வெப்பத்தால் சுட்டுவிடும் முறையும் உண்டு. அதற்கு உகந்தவராக இருப்பதற்குக் கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபட வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை ஒரு காலத்தில் தரப்பட்டது; பல ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் உண்மையான புற்றுநோயைத் தோற்றுவிக்கக் கூடும் என்பதால் இப்போது தவிர்க்கப்படுகிறது. காலை நீக்குவது என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லிவிடலாம்.

அறுவையோடு கதை முடிவதில்லை, உங்களிடம் கேட்க வேண்டிய இரண்டாவது உதவி இங்கிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரையானோருக்கு இக்கட்டி அதே இடத்தில் மறுபடியும் முளைக்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள். இந்தக் கட்டியைத் தோள்முனையில் கண்ட ஒன்பது நோயாளிகளை வைத்து 1931இல் விரிவாக விவரித்த பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் ஆமரி காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் சிகிச்சை வென்றதா தோற்றதா என்று தெரியும்வரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று வாதாடியவர். அந்தக் கொள்கைக்காகவே பெருமருத்துவமனைப் பதவியை விட்டு விலகித் தம் சொந்தச் சிறு மருத்துவமனையின் தவறுகளையெல்லாம் அச்சிட்டு வெளியிட்டவர், 1920இல் எலும்புப் புற்றுக்கெனப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியவர். அவர் இதை மாபெருஞ்செல் கட்டியின் ஒரு வகை என்றே எண்ணினார். அது தனிக் கட்டி என்று பிரித்துப் பெயரிட்டவர்கள் 1942இல் ஜாஃபேயும் லிக்டென்ஸ்டைனும். பெயரில் பிழை இருந்தாலும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் காட்மனிடம் பிழை இல்லை. அந்தப் பிடிவாதத்தை நம் ஊரின் நெரிசலான புறநோயாளிப் பிரிவுகளால் மட்டும் நிறைவேற்ற முடியாது. வலி நின்றதும் பேருந்துச் செலவையும் ஒரு நாள் கூலியையும் கணக்கிட்டுக் குடும்பங்கள் வருவதை நிறுத்திவிடுகின்றன. அந்தப் பிள்ளையை அன்றாடம் பார்க்கும் பொறுப்பான பெரியவர் ஒருவர் மட்டும் அப்போதும் எஞ்சியிருக்கிறார், அவர் நீங்கள்.

உங்கள் நிலைமை அறியாமல் இதைக் கேட்பதாக எண்ண வேண்டாம். பொதுத்தேர்வு நெருங்கினால் உங்கள் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் எடுத்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலை பல பள்ளிகளில் உண்டு. கோப்பை வரவில்லை என்றால் கேள்வி கேட்பவர்கள், ஒரு முழங்கால் காப்பாற்றப்பட்டது என்பதற்காகப் பாராட்டுவதில்லை. அப்படியிருந்தும் கேட்பவை சிறியவை. உங்கள் பதிவேட்டில் வலிக்கென ஒரு பத்தி ஒதுக்கி, பிள்ளை முதலில் சொன்ன தேதி, எந்த மூட்டு, எந்தப் பக்கம் என்ற மூன்றை மட்டும் எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்தும் அதே பெயருக்கு நேரே அதே மூட்டு மறுபடியும் வந்தால், அல்லது அதற்கு முன்பே இரவு வலியோ வீக்கமோ நொண்டலோ தென்பட்டால், பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் எக்ஸ்ரே கேட்கச் சொல்லுங்கள், தொடையின் அளவைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். முடிவு தெரியும்வரை அந்தப் பிள்ளையை அணியிலிருந்து நீக்காமல் ஓட்டத்திலிருந்து மட்டும் விலக்கி வையுங்கள். இடம் போய்விடாது என்று தெரிந்தால்தான் அடுத்த பிள்ளையும் வலியைச் சொல்லும்.

அறுவை முடிந்து திரும்பும் பிள்ளைக்கு, நிரப்பிய எலும்பு இறுகும்வரை வாரக்கணக்கில் முழு எடையை ஊன்றவும், மாதக்கணக்கில் தாவவும் தடை இருக்கும். ஆள் நன்றாக நடக்கிறாரே என்ற கண்மதிப்பில் களத்தில் இறக்கிவிடாமல், எது கூடும், எது கூடாது, எந்த மாதத்திலிருந்து என்று அறுவை மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை புள்ளி குறிப்பவராகவோ, நேரம் பார்ப்பவராகவோ, நடுவருக்குத் துணையாகவோ அவரை மைதானத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்; செய்முறை மதிப்பெண்ணில் கைவைக்காதீர்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பிறகு இடைவெளி கூட்டியும் மருத்துவர் வரச்சொன்ன தேதிகளைக் கேட்டு அதே பதிவேட்டில் குறித்துக்கொண்டு, எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று அந்தத் தேதியில் விசாரியுங்கள். பத்தாம் வகுப்பு முடிந்து வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால், மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளில் அந்தக் குறிப்பின் படியொன்றைப் பெற்றோரிடம் கொடுத்து, புதிய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டி திரும்ப வாய்ப்புள்ள ஆண்டுகளில் ஒன்றிரண்டு அந்தப் பள்ளியில்தான் கழியும்.